அலையாத்திக் காடும் இறால் பண்ணையும்

கடலும் நிலமும் கூடும் இடத்தில், ஓதம் ஏறும்போது நீராகவும் வடியும்போது சேறாகவும் மாறுகின்ற ஒரு குறுகிய நிலப்பகுதி உண்டு. உழவுக்கு உதவாத உவர்நிலம் என்று நெடுங்காலம் பொருட்படுத்தப்படாமல் கிடந்த இந்நிலத்தின் மீது இன்று இரண்டு கோரிக்கைகள் எழுந்துள்ளன. ஒன்று அங்கே இயற்கையாக நிற்கும் அலையாத்திக் காட்டினுடையது. மற்றொன்று அங்கே அமைய விரும்பும் இறால் பண்ணையினுடையது.

இரண்டும் நாட்டுக்கு வேண்டியவையே. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியா 17.81 லட்சம் டன் கடல் உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்து 60,523 கோடி ரூபாய் ஈட்டியது. உறைநிலை இறாலின் பங்கு மட்டும் 7.16 லட்சம் டன். அதன் மதிப்பு 40,013 கோடி ரூபாய். ஏற்றுமதி வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த ஒரு பண்டத்திலிருந்து கிடைத்தது. அதன் பெரும்பகுதி பண்ணைகளில் வளர்க்கப்பட்டதாகும். மறுபுறம், இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி நம் நாட்டின் அலையாத்திக் காடுகளின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டர். இது நாட்டின் நிலப்பரப்பில் 0.15 விழுக்காடுதான். இந்தச் சிறு பங்கினை இழக்காமல் அந்தப் பெரு வருவாயைப் பெறுவது எவ்வாறு என்பதே நம்முன் உள்ள வினா.

காடு செய்யும் பணி

அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்னும் பெயர் வந்தது என்பர். கண்டல் என்பது இதன் பழம்பெயர்களுள் ஒன்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டு மரமே. உப்புநீரில் வாழ்வதற்கேற்ப இம்மரங்கள் தனி உறுப்புகளைப் பெற்றுள்ளன. வெண்கண்டல் சேற்றிலிருந்து மேல்நோக்கி மூச்சு வேர்களை நீட்டுகிறது. சுரபுன்னை தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்கு வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கிறது. இந்த வேர்ப் பின்னலில் ஓதநீரின் விரைவு தணிகிறது, நீர் சுமந்து வரும் வண்டல் படிகிறது, கரை வலுப்பெறுகிறது.

இறாலுக்கும் இக்காட்டுக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. புலி இறால், வெள்ளை இறால் முதலியவற்றின் தாய் இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணுயிர்கள் சில வாரங்களில் பல பருவங்களைக் கடந்து, ஓதத்தோடு கழிமுகத்தினுள் புகுகின்றன. உதிர்ந்த கண்டல் இலைகள் மட்கி உண்டாகும் துகள்களும் அவற்றில் பெருகும் நுண்ணுயிர்களும் அங்கே அக்குஞ்சுகளுக்கு உணவாகின்றன. வேர்களின் இடுக்கு அவற்றுக்குக் காப்பாகிறது. சில மாதங்கள் வளர்ந்த பின்னர் அவை மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. எனவே கழிமுகத்தில் காடு அழிந்தால் கரைக்கடலில் வலை வீசும் மீனவரின் பாடு குறையும்.

புயலின்போது இக்காடு ஆற்றும் தொண்டும் ஆராயப்பட்டுள்ளது. 1999ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வொன்று, கேந்திரபாரா மாவட்டத்தில் கடலுக்கும் ஊருக்கும் இடையே அகன்ற அலையாத்திக் காடு இருந்த சிற்றூர்களில் உயிரிழப்புக் குறைவாக இருந்தது எனக் காட்டியது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கடற்கரையில் நடந்த ஆய்வுகளும் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்ததாகத் தெரிவித்தன. ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே அதற்கு முதன்மைக் காரணங்கள் என்று வேறு சிலர் வாதிட்டனர். புயல் அலைக்குக் காடு தடுப்பு என்பதில் ஐயமில்லை. ஆழிப்பேரலைக்கும் அதே அளவு தடுப்பு என்று மிகைப்படக் கூற வேண்டியதில்லை.

மரபு முறையும் நவீன முறையும்

உவர்நீரில் இறால் வளர்ப்பது நமக்குப் புதிதன்று. கேரளத்தின் பொக்காளி வயல்களில், மழை உப்பைக் கழுவிச் செல்லும் ஜூன் முதல் அக்டோபர் வரை உவர்ப்பைத் தாங்கும் உயரமான நெல் விளைகிறது. பின்னர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் ஓதநீரை மதகு வழியே ஏற்றி, அதனோடு வரும் இறால் குஞ்சுகளை வளர்க்கின்றனர். வங்காளத்தின் பேரி எனப்படும் நீர்நிலைகளிலும் இத்தகைய முறை வழக்கில் உள்ளது. இம்முறையில் விதையை ஓதம் தருகிறது. உணவைக் கழிமுகம் தருகிறது. ஆகவே கழிமுகத்தைக் காப்பது உழவரின் சொந்த நலனாகவே அமைந்திருந்தது.

1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் கிழக்குக் கடற்கரையில் பரவிய நவீன முறை இத்தொடர்பினை மாற்றியது. பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் வந்தன; ஆலையிலிருந்து தீவனம் வந்தது; கடல்நீரை இயந்திரங்கள் ஏற்றின. ஆயினும் பொரிப்பகங்களுக்கு வேண்டிய புலி இறால் தாய்கள் அப்போதும் கடலிலிருந்தே பிடிக்கப்பட்டன. 2009இல் வனாமி இறால் வளர்ப்புக்கு முறைப்படி இசைவு அளிக்கப்பட்ட பின்னர் இந்தக் கடைசி இழையும் அறுந்தது. குறிப்பிட்ட நோய்கள் அற்றவையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட தாய் இறால்கள் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கப்படுகின்றன. பசிபிக் கரையைச் சேர்ந்த இவ்வினத்தின் விதைக்கு நம் கழிமுகம் தேவையில்லை.

இந்த மாற்றத்தை மாணவர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பண்ணையாளருக்கு அலையாத்திக் காட்டின் மீது நேரடித் தேவை இருந்தவரை அதைக் காக்கும் பொறுப்பும் அவரிடம் இயல்பாக இருந்தது. தேவை நீங்கியதும், காட்டை இழப்பதன் நட்டம் பண்ணைக் கணக்கில் ஏறாமல் மீனவர், உழவர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் கணக்கில் ஏறுகிறது. தன்னலம் செய்துவந்த காவலை இனிச் சட்டமும் திட்டமும் செய்ய வேண்டியுள்ளது.

கழிவுநீரின் கணக்கு

பண்ணையிலிருந்து வெளியேறுவது என்ன என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு பருவத்துக்கு 5 டன் இறால் விளைவதாகக் கொள்வோம். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ வீதம் 7.5 டன் தீவனம் தேவை. அத்தீவனத்தில் 35 விழுக்காடு புரதம் இருப்பின், அதிலுள்ள நைட்ரஜன் ஏறத்தாழ 420 கிலோ. அறுவடையாகும் இறாலின் உடலில் சேர்வது 150 கிலோ அளவே. எஞ்சிய 270 கிலோவில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஏனையது குளத்து நீரிலும் அடிச்சேற்றிலும் தங்கி, குளம் வடிக்கப்படும்போது ஓடையில் கலக்கிறது.

இத்தகைய சத்துகளை ஓரளவு உறிஞ்சும் ஆற்றல் அலையாத்திக் காட்டுக்கு உண்டு. 1995இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஒரு ஹெக்டேர் குளத்தின் கழிவைத் தூய்மைப்படுத்த, வளர்ப்பின் தீவிரத்தைப் பொறுத்து 2 முதல் 22 ஹெக்டேர் வரை காடு தேவைப்படும். காட்டை வெட்டிக் குளம் தோண்டுபவர், தம் குளத்தின் கழிவை ஏற்கும் இடத்தையே அழிக்கிறார் என்பது இதனால் விளங்கும். ஒரு பண்ணை வெளியேற்றும் நீரையே அடுத்த பண்ணை உள்ளே ஏற்றும் நிலையில் நோய் விரைந்து பரவும். 1994-95இல் கிழக்குக் கரைப் பண்ணைகளைச் சாய்த்த வெள்ளைப்புள்ளி நோய், நெருக்கமாக அமைந்த குளங்களுக்கு நேர்ந்த கடும் பாடமாகும்.

அலையாத்தி மண் குளத்துக்கு ஏற்றதும் அன்று. நீரில் மூழ்கியிருக்கும் அச்சேற்றில் இரும்பு சல்பைடு அடங்கியுள்ளது. அதைத் தோண்டிக் காற்றுப்படச் செய்தால் கந்தக அமிலம் உண்டாகிறது. குளத்து நீர் புளிப்பேறி இறாலின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஆசிய நாடுகள் பலவற்றில் காட்டை அழித்துத் தோண்டிய குளங்கள் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டை இழந்து குளத்தையும் இழப்பதில் யாருக்கும் ஆதாயமில்லை.

நாகையிலிருந்து தில்லிக்கு

தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளைப் பற்றிய பூசல் காட்டை விட வயலையும் குடிநீரையும் முன்வைத்தே எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் அன்றைய நாகை வட்டாரத்தில் நெல்வயல்களும் புறம்போக்கு நிலங்களும் குளங்களாயின. உப்புநீர் அடுத்த வயல்களுக்குக் கசிந்தது; கிணறுகள் உவர்த்தன; மீனவர் கடலுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. நடவும் அறுவடையும் நின்றதால் வேளாண் கூலிகள் வேலை இழந்தனர். காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி அறவழியில் போராடினர். 1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1995இல் தமிழ்நாடு அரசு நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது.

1996 டிசம்பர் 11 அன்று தில்லியில் நீதிபதிகள் குல்தீப் சிங், சாகிர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, கரையில்தான் அமைய வேண்டிய தொழில் என்னும் விலக்கு இறால் பண்ணைக்குப் பொருந்தாது என்று அவர்கள் முடிவு செய்தனர். மரபு முறையும் மேம்படுத்தப்பட்ட மரபு முறையும் தவிர்ந்த பண்ணைகள் அம்மண்டலத்தில் கூடா. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம், வனநிலம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றுதல் கூடாது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்பன அத்தீர்ப்பின் முக்கிய ஆணைகள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியும் முன்னெச்சரிக்கை நெறியும் வலியுறுத்தப்பட்டன. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்க்குச் சட்டப்படியான ஈட்டுடன் ஆறு ஆண்டு ஊதியம் கூடுதலாக வழங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் பணித்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் செலவு கூலியாளர் தலையில் விழலாகாது என்பதே இந்த ஆணையின் கருத்து.

1997 பிப்ரவரியில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டிலேயே மறு ஆய்வு மனுக்களின் பேரில் பண்ணைகளை இடிக்கும் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. இறுதியில் 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991 அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என அதைப் பின்னோக்கித் திருத்தியது. அதற்கு மாற்றாக ஒரு பதிவு முறையை ஏற்படுத்தியது. நீதிமன்றம் பெரிதும் தடை செய்த தொழிலை நாடாளுமன்றம் நெறிப்படுத்த முற்பட்டது எனலாம்.

சட்டத்தின் அமைப்பு

இச்சட்டத்தின்கீழ் சென்னையில் ஆணையம் இயங்குகிறது. ஒவ்வொரு பண்ணையும் பதிவு பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிய பண்ணைக்கு இடமில்லை. முன்பே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு உண்டு. சட்டத்தை ஒட்டி வெளியிடப்பட்ட நெறிமுறைகள் அலையாத்திக் காடு, விளைநிலம், உப்பளம், சரணாலயம் ஆகியவற்றை விலக்குகின்றன. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கட்டாயம். வனாமி இறாலைச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடலாகாது. விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு ஆராய்கிறது. 2023இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை முதன்மைப்படுத்தியது.

இவ்விதிகளில் இரண்டு இடைவெளிகள் புலனாகின்றன. முதலாவது, சுத்திகரிப்பு விதி பெரிய பண்ணையைப் பிடிக்கிறது. நம் நாட்டிலோ பெரும்பான்மையோர் ஓரிரு ஹெக்டேர் வைத்துள்ள சிறு பண்ணையாளர். ஓர் ஓடைக் கரையில் இரண்டு ஹெக்டேர்ப் பண்ணைகள் நூறு இருந்தால், தனித்தனியே ஒன்றும் விதியை மீறவில்லை. ஆனால் ஓடைக்கு 200 ஹெக்டேரின் கழிவு வந்து சேர்கிறது. இரண்டாவது, 50 மீட்டர் இடைவெளி பற்றியது. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பகுதியைச் சுற்றி இவ்விடைவெளி விட வேண்டும் என்பது கடலோர மண்டல விதி. தனியார் நிலத்திலுள்ள காட்டுக்கு இது வேண்டியதில்லை என 2019 அறிவிக்கை தளர்த்தியது. வேருக்கு நிலவுடைமை தெரியாது. ஓதம் தடைப்பட்டால் எந்த நிலத்திலும் மரம் பட்டுப்போகும்.

பிச்சாவரம் தரும் பாடம்

ஓதம் தடைப்படுவதன் விளைவினைப் பிச்சாவரத்தில் காணலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காட்டில், விறகுக்காகவும் மரத்துக்காகவும் பகுதி பகுதியாக முழுவதும் வெட்டும் முறை ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970களின் தொடக்கம் வரை கையாளப்பட்டது. வெட்டிய இடங்களில் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டி போலாயிற்று. அதில் தேங்கிய ஓதநீர் வடியவில்லை. கோடையில் ஆவியாகி உப்பு மிகுந்தது. நட்ட கன்றுகளும் தழைக்கவில்லை.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு தீர்வு கண்டனர். மீன்முள்ளின் வடிவில் ஒரு நடுக் கால்வாயும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளைக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பின் செறிவு தணிந்தது; கால்வாய்ச் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் வேரூன்றியது. அழிந்த இடங்கள் மீண்டும் பசுமை பெற்றன. 2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. முதலில் நீரோட்டம், பின்னரே நடவு என்பது இங்கே பெறப்படும் பாடம். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட மிஷ்டி திட்டம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திக் காடுகளைப் பெருக்க எண்ணுகிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட, ஓதம் சென்று திரும்பும் வழிகளின் நிலையே அதன் வெற்றிக்கு அளவுகோலாக வேண்டும்.

கைவிடப்பட்ட இறால் குளங்களுக்கும் இப்பாடம் பொருந்தும். குளத்தின் கரையைத் தக்க இடங்களில் உடைத்து ஓதத்தை உள்ளே விட்டால், அருகில் தாய்க்காடு உள்ள இடங்களில் மிதந்து வரும் விதைகள் தாமே முளைக்கும்.

இக்காட்டைச் சார்ந்து வாழும் ஏழைகளையும் மறத்தலாகாது. பிச்சாவரத்தின் இருளர் குடும்பங்கள் ஓடைகளின் ஆழமற்ற நீரில் கைகளால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கின்றன. அவர்களுக்கு நிலமோ குளமோ இல்லை. காடே அவர்களுடைய பண்ணை. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் அவர்கள் பிடிக்கும் இறால் தனியே தெரிவதில்லை. ஓடை கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே.

ஒருங்கிணைப்புக்கு வழி

இறாலும் மரமும் ஒரே நிலத்தில் வளரவும் கூடும். வியட்நாமின் கா மாவு மாகாணத்தில் ஒரே மனையில் பெரும்பகுதியைக் காடாகவும் எஞ்சியதை இறால் ஓடையாகவும் வைத்துள்ளனர். சுவாமிநாதன் நிறுவனம் குளத்தின் அகன்ற கரைகளிலும் திட்டுகளிலும் கண்டல் மரங்களை வளர்த்து, ஓதத்தாலேயே நீரை மாற்றும் பண்ணை முறையை ஆந்திரக் கரையிலும் பிச்சாவரத்திலும் சோதித்துள்ளது. விளைச்சல் குறைவு; செலவும் நோய் அபாயமும் குறைவு. சிறு உழவருக்கு இது ஏற்றது. எனினும் நாட்டின் ஏற்றுமதி முழுவதையும் இம்முறை தாங்கும் எனக் கொள்வது பொருந்தாது. செறிவு முறைப் பண்ணைகள் தொடரத்தான் போகின்றன. அவற்றுக்குரிய இடம் ஓதம் எட்டாத மேட்டுநிலமே. அங்கு குளத்தை முற்றிலும் வடித்து உலர்த்தவும் சேற்றை அகற்றவும் இயலும்.

ஒரு விண்ணப்பம் ஆய்வுக்கு வரும்போது அலுவலர் நேரில் சென்று காண வேண்டியவை ஐந்து.

1. நிலத்தின் இயல்பு: பட்டாவில் எழுதியுள்ள வகைப்பாடு மட்டும் போதாது. ஓதம் அங்கே எட்டுகிறதா, கண்டல் கன்றுகள் முளைத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

2. ஓடையின் தாங்குதிறன்: ஒரு பண்ணையின் பரப்பைக் காட்டிலும், அந்த ஓடையில் வடியும் பண்ணைகள் அனைத்தின் மொத்தப் பரப்பே கணக்கில் வர வேண்டும்.

3. வடிகால்: நீர் ஏற்றும் இடமும் கழிவு விடும் இடமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும். சிறு பண்ணையாளர் சங்கமாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்புக் குளம் அமைக்கலாம். சிறு பண்ணையாளரைச் சங்கங்களாகத் திரட்ட 2007இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின்கீழ் நிறுவப்பட்ட தேசிய மையம் இதற்குத் துணையாகும்.

4. நன்னீர்: கிணற்று நீரைக் குளத்தில் கலக்கிறார்களா, அடுத்த வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் உப்புக் கசிகிறதா என்று கோடையிலும் ஒருமுறை ஆராய வேண்டும்.

5. வழி: மீனவர் படகுக்கும், ஓடையில் இறால் பிடிப்போருக்கும், கால்நடைக்கும் வழக்கமாக இருந்த வழிகள் அடைபடலாகா.

முத்துப்பேட்டை போன்ற இடங்களில் மேலும் ஒரு கருத்து உண்டு. காவிரியின் கடைமடையில் உள்ள அக்காட்டுக்கு ஆற்றின் நன்னீர் குறையக் குறைய உவர்ப்பு மிகுகிறது. ஆகவே கடற்கரைக் காட்டைக் காப்பது வனத்துறையின் பணி மட்டுமன்று. பாசனத் துறை, மீன்வளத் துறை, வருவாய்த் துறை ஆகியவையும் ஒரே வரைபடத்தின் முன் அமர வேண்டும்.

பண்ணையின் வரவு ஆண்டுதோறும் ரூபாயில் எழுதப்படுகிறது. காட்டின் வரவோ மீனவர் வலையிலும் கிணற்று நீரிலும் புயலுக்குத் தப்பிய வீட்டிலும் எழுதப்படுகிறது. இரண்டு கணக்குகளையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்கும்போது, ஓதம் எட்டும் நிலம் காட்டுக்கு, ஓதம் எட்டாத மேடு பண்ணைக்கு, இடையிலுள்ள ஓடை அனைவருக்கும் பொது என்னும் பங்கீடு இரண்டுக்கும் நன்மை தருவதாக அமையும். இப்பங்கீட்டைக் களத்தில் நிலைநாட்டுவதே கடலோர மாவட்டங்களில் பணியாற்றுவோர்முன் உள்ள கடமையாகும்.